நம் ஊர்ப் பூட்டுக்குச் சாவி செய்வது யார்?

(மூன்றாம் ஆண்டு, வேதியியல் துறை)

திண்டுக்கல்லிலிருந்து வருகிறோம் என்று சொன்னால், வெளியூர் நண்பர்கள் உடனே பூட்டைப் பற்றித்தான் பேசத் தொடங்குகிறார்கள். நாகல் நகரிலும் நல்லாம்பட்டியிலும் கையால் செய்யப்பட்ட பூட்டுகள் கோயில் கதவுகளையும் கிட்டங்கிகளையும் காத்து நின்ற காலம் ஒன்று உண்டு. 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்தப் பெருமை வந்து சேர்ந்தபோது பட்டறைகள் பல மூடப்பட்டுவிட்டன. அந்த வருத்தத்தைப் பற்றி இம்மலரில் வேறு நண்பர்கள் எழுதக்கூடும். நான் எழுத வந்தது கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வகைப் பூட்டையும் சாவியையும் பற்றி.

1894-இல் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் எமில் ஃபிஷர், ஒரு நொதியும் அது வினைபுரியும் பொருளும் பூட்டும் சாவியும் போல ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும் என்றார். நூற்றாண்டு கடந்தும் அந்த உவமை நம் பாடநூல்களில் வாழ்கிறது. ஒரு மூலக்கூறு, கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் கூட்டத்தில் தனக்குரிய ஒன்றை மட்டும் இனங்கண்டு பற்றிக்கொள்வதே மூலக்கூறு இனங்காணல் எனப்படும். இன்று வேதியியல் அறிஞர்கள் அத்தகைய சாவிகளைத் தாங்களே செய்கிறார்கள். அவர்கள் கையில் எடுத்திருக்கும் பொருள் நியூக்ளிக் அமிலம். அதை இயற்கை தந்தபடியே பயன்படுத்தாமல், அங்கங்கே அரத்தால் ராவுவதுபோல் திருத்தி அமைக்கிறார்கள்.

இக்கலையில் நம் பகுதியில் படித்தவர்கள் உலகின் முன்வரிசையில் நிற்கிறார்கள். ஆயினும் நம் ஊரின் பூட்டுகளுக்கு உரிய சாவி இன்னும் நம் கைக்கு வரவில்லை. அதை யாரோ செய்து அனுப்புவார்கள் என்று காத்திருப்பது தவறு என்பதே என் கருத்து.

இயற்கை தந்த சாவி

டி.என்.ஏ. என்பது நான்கு எழுத்துகளால் ஆன நீண்ட சங்கிலி என்பதை நாம் அறிவோம். அடினின் தைமினோடும், குவானின் சைட்டோசினோடும் இணையும். முன்னதில் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள்; பின்னதில் மூன்று. 1953-இல் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்ட இந்த எளிய விதியில் ஒரு பெரும் வசதி அடங்கியிருக்கிறது. எதிரிலுள்ள இழையின் எழுத்து வரிசை தெரிந்தால், அதற்குரிய சாவியின் பற்கள் எப்படி இருக்கவேண்டும் என்பதைத் தாளிலே எழுதிவிடலாம்.

அந்தச் சாவி எவ்வளவு நீளம் இருந்தால் போதும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு எழுத்துகளைக் கொண்டு 16 எழுத்து நீளத்தில் ஏறத்தாழ 429 கோடி வெவ்வேறு வரிசைகளை எழுதலாம். மனிதனின் மரபுத் தொகுதியில் உள்ளவை சுமார் 300 கோடி எழுத்துகள். ஆகவே 16 அல்லது 17 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு துண்டு, மனித மரபுத் தொகுதி முழுவதிலும் ஏறக்குறைய ஒரே ஓர் இடத்தில்தான் முழுமையாகப் பொருந்தும். மாங்காய்ப் பூட்டுச் செய்யும் ஆசாரி இதைக் கேட்டால் வியந்துபோவார்.

1978-இல் அமெரிக்காவில் பால் ஜமெக்னிக்கும் மேரி ஸ்டீபன்சனும் 13 எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. துண்டு ஒன்றைச் செய்து, கோழிகளுக்குப் புற்றுநோய் தரும் ஒரு வைரஸின் பெருக்கத்தைச் சோதனைக்கூடத்துச் செல்களில் தடுத்துக் காட்டினார்கள். தாளில் எழுதிய சாவி பூட்டுக்குள் நுழைந்தது.

ஏன் திருத்த வேண்டும்?

சாவியின் பல் சரியாக இருந்தால் மட்டும் போதாது. சாவி வளையக் கூடாது, துருப்பிடிக்கக் கூடாது. இயற்கையான ஆர்.என்.ஏ. துண்டை இரத்தத்தில் விட்டால், அதை வெட்டும் நொதிகள் சில நிமிடங்களில் துண்டாடிவிடும். இதற்குக் காரணம் நம் கரிம வேதியியல் வகுப்பிலேயே இருக்கிறது. ஆர்.என்.ஏ.யின் ரைபோஸ் சர்க்கரையில் இரண்டாம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி உள்ளது. அதன் ஆக்சிஜன் பக்கத்திலுள்ள பாஸ்பரஸைத் தாக்கி, சங்கிலியைத் தானே அறுத்துவிடுகிறது. வீட்டுக்குள்ளேயே எதிரியை வைத்திருக்கும் மூலக்கூறு அது.

அந்த ஹைட்ராக்சிலை நீக்கிவிட்டு ஃபுளூரினையோ மீத்தாக்சியையோ வைத்தால் தாக்குதல் நின்றுவிடுகிறது. பாஸ்பேட்டில் பாலமாகாத ஆக்சிஜன் ஒன்றை எடுத்துவிட்டுக் கந்தகத்தை வைத்தால், நொதிகள் அதை வெட்டத் தடுமாறுகின்றன. இந்தக் கந்தகத் திருத்தத்தை 1960-களில் தொடங்கி வளர்த்தவர் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் எக்ஸ்டைன். 1991-இல் டென்மார்க்கில் பீட்டர் நீல்சன் குழுவினர் சர்க்கரையையும் பாஸ்பேட்டையும் அடியோடு நீக்கி, புரதத்தில் உள்ளதுபோன்ற அமைடு பிணைப்புகளால் ஆன சங்கிலியில் அதே நான்கு எழுத்துகளைக் கோத்தார்கள். அதற்குப் பெப்டைடு நியூக்ளிக் அமிலம் என்று பெயர். அதன் சங்கிலியில் எதிர்மின் சுமை இல்லாததால், எதிர் இழையோடு விலக்கு விசையும் இல்லை. பிடி இன்னும் உறுதியாகிறது.

சில இடங்களில் திருத்தத்தின் நோக்கம் நேர்மாறானது. 2005-இல் கத்தலின் கரிகோவும் டுரூ வைஸ்மனும், ஆர்.என்.ஏ.யின் யூரிடினை மாற்றியமைத்தால் உடலின் காவற்படை அதை அயலான் என்று இனங்காணாமல் விட்டுவிடுகிறது என்று காட்டினார்கள். கொரோனாக் காலத்தில் உலகில் பல கோடிப் பேருக்குப் போடப்பட்ட ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளின் அடிப்படை இது. 2023-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். இனங்காணச் செய்வதும், இனங்காணாதிருக்கச் செய்வதும் இரண்டுமே சில அணுக்களின் மாற்றத்தால் ஆகின்றன.

அடுத்த ஊர்க்காரர்கள்

இவையெல்லாம் மேல்நாட்டார் சாதனைகள்தானே என்று நண்பர்கள் நினைக்கலாம். அப்படியன்று.

முத்தையா மனோகரன் அவர்கள் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்தவர். நம் பேருந்து நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் அந்தக் கல்லூரி வாசலில் நிற்கலாம். அமெரிக்கா சென்று முனைவர் பட்டம் பெற்ற அவர், நியூக்ளிக் அமிலங்களைத் திருத்துவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டார். செல்லுக்குள் ஒரு மரபணுவின் குரலை அடக்கவல்ல குட்டையான ஈரிழை ஆர்.என்.ஏ. துண்டுகளை மருந்தாக்க வேண்டும். ஆனால் அவை உடலில் சரியான உறுப்பைச் சென்று சேரவேண்டுமே, அதற்கு என்ன வழி? இதுவே அத்துறையின் பெருந்தடையாக இருந்தது.

கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் ஒரு புரதம் உண்டு. அது கேலக்டோஸ் வகைச் சர்க்கரைகளை இனங்கண்டு உள்ளே இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. மனோகரனும் அவருடைய குழுவினரும், என்-அசெட்டைல் கேலக்டோசமைன் என்ற சர்க்கரை மூன்றை ஒரு கொத்தாக ஆர்.என்.ஏ. துண்டின் முனையில் கட்டிவிட்டார்கள். 2014-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, அத்தகைய துண்டு நேராகக் கல்லீரலை அடைந்து வேலை செய்வதைக் காட்டியது. இங்கே இனங்காணல் இருமுறை நடக்கிறது. சர்க்கரைக் கொத்து வீட்டை இனங்காண்கிறது. எழுத்து வரிசை வீட்டுக்குள் உள்ள பூட்டை இனங்காண்கிறது. இவ்வழியில் பிறந்த முதல் மருந்து 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கொழுப்பைக் குறைக்கும் இன்க்லிசிரன் 2020-இல் ஐரோப்பாவிலும் 2021-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. தொடக்கத்து ஊசிகளுக்குப் பின் அதை ஆண்டுக்கு இரண்டு முறை போட்டுக்கொண்டால் போதும். நாள்தோறும் மாத்திரை விழுங்கும் நோயாளிக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை வீட்டில் முதியவர் உள்ளவர்கள் அறிவார்கள்.

பெப்டைடு நியூக்ளிக் அமிலத்தில் இந்தியாவின் பங்கும் சிறிதன்று. புனே தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கிருஷ்ணா கணேஷ் அவர்கள், தொளதொளவென்று இருந்த அந்தச் சங்கிலியில் ஐங்கோண வளையங்களைப் புகுத்தி, அதற்கு ஒரு நிலையான வடிவத்தைத் தர முயன்றார். யமுனா கிருஷ்ணன் அவர்கள் சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் வேதியியல் பட்டம் பெற்றவர். 2009-இல் பெங்களூரில் அவருடைய குழுவினர், அமிலத் தன்மைக்கு ஏற்ப மடங்கவும் விரியவும் கூடிய டி.என்.ஏ. கருவி ஒன்றைச் செய்து, உயிருள்ள செல்லுக்குள் அமிலத் தன்மை எப்படி மாறுகிறது என்பதை அளந்தார்கள். டி.என்.ஏ.யில் ஒட்டப்பட்ட சாயங்களின் ஒளியே அளவுகோல்.

நம்மைப்போல் பிப்பெட்டும் பியூரெட்டும் பிடித்துக்கொண்டு இளம் அறிவியல் வகுப்பில் நின்றவர்கள்தாம் இவர்களில் சிலர். இதைச் சொல்வது வெறும் பெருமைக்காக அன்று. கேள்வி ஒன்று இருக்கிறது.

யாருடைய பூட்டு?

2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நூசினெர்சன் என்ற மருந்து, முதுகுத்தண்டுத் தசை நலிவு நோயால் வாடும் குழந்தைகளுக்கு வாழ்வு தருகிறது. அது 18 எழுத்துகள் கொண்ட, கந்தகமும் சர்க்கரைத் திருத்தமும் உடைய ஒரு துண்டுதான். அறிமுகமானபோது அதற்கு அறிவிக்கப்பட்ட விலை, முதல் ஆண்டுக்கு 7,50,000 டாலர். ஏழு எட்டு அணுக்களைத் திருத்தியதற்கா இந்த விலை என்று கோபம் வரலாம். விலையில் அணுக்களுக்குப் பங்கு குறைவு. ஆராய்ச்சிச் செலவுக்கும், காப்புரிமைக்கும், வாங்குவோரின் பணவலிமைக்கும் பங்கு அதிகம்.

இதில் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. எந்தப் பூட்டுக்குச் சாவி செய்வது என்பதைப் பெரும்பாலும் சந்தை தீர்மானிக்கிறது. பணமுள்ளவன் வீட்டுக் கதவுக்கு முதலில் சாவி செய்யப்படுகிறது. சாவி செய்பவர் மதுரையில் படித்தவராகவே இருந்தாலும், பூட்டு பாஸ்டனில் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. கேட்கப்பட்ட கேள்விக்கு அவர் விடை தந்திருக்கிறார். நம் கேள்வியை நாம் கேட்டோமா?

மலையில் பாதரசம், சமவெளியில் குரோமியம்

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு நண்பர் ஒருவர் தம் தோட்டத்துக் கிணற்று நீரை ஒரு புட்டியில் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். அத்தோட்டத்துக்கு மேற்கே தோல் பதனிடும் கூடங்கள் உள்ளன. நீரின் கடினத்தன்மையை ஈ.டி.டி.ஏ. கொண்டு தரம்பார்த்துச் சொன்னோம். குளோரைடையும் சொன்னோம். “உப்பு என்பது நாக்கிலேயே தெரிகிறது. குரோமியம் இருக்கிறதா, அதைச் சொல்லுங்கள்” என்றார் அவர். எங்களால் சொல்ல முடியவில்லை.

டைஃபினைல் கார்பசைடு சேர்த்தால் நிறம் வருமே என்று ஆசிரியர்கள் கேட்கலாம். அது ஆறு இணைதிறக் குரோமியத்தைக் காட்டும். தோல் பதனிடுவதில் பயன்படுவது மூன்று இணைதிறக் குரோமிய உப்பு. மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் மூன்றை ஆறாக மாற்றக்கூடும். ஆறோ புற்றுநோய் விளைக்கவல்ல நஞ்சு. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய விதி. இவ்வளவு சிறிய அளவைத் துல்லியமாகக் காண அணு உறிஞ்சல் நிறமாலைமானி போன்ற விலையுயர்ந்த கருவி வேண்டும். அது விவசாயியின் கிணற்றடிக்கு வராது.

இந்தச் சிக்கல் நேற்றுத் தோன்றியதன்று. 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தின் வழக்கில் தந்த புகழ்பெற்ற தீர்ப்பு, வட ஆர்க்காட்டை மட்டும் குறித்ததன்று. அந்நாளில் திண்டுக்கல் அண்ணா மாவட்டம் என வழங்கிய நம் மாவட்டத்துத் தோல் கூடங்களுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம் அதில் விதிக்கப்பட்டது. மாசு செய்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிபெற்றது அத்தீர்ப்பால்தான். நம் மாவட்டத்தின் மலைப் பகுதிக்கும் இதுபோன்ற கதை உண்டு. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர்த் தொழிற்சாலையின் பாதரசம் மண்ணில் கலந்ததும், அங்குப் பணிபுரிந்தோர் நெடுங்காலம் நீதி கேட்டுப் போராடியதும் நாடறிந்த செய்தி.

இங்கேதான் திருத்திய நியூக்ளிக் அமிலங்கள் நமக்கு உதவக்கூடும். 2004-இல் ஜப்பானில் அகிரா ஓனோ ஒரு டி.என்.ஏ. துண்டில் தைமின்களை எதிரெதிராக அமைத்தார். தைமினோடு தைமின் சேராது. ஆனால் பாதரச அயனி வந்தால் இரு தைமின்களுக்கும் நடுவே அமர்ந்து அவற்றை இணைத்துவிடுகிறது, துண்டு மடங்குகிறது, அதன் இரு முனைகளிலும் கட்டப்பட்ட பொருள்களுள் ஒன்று மற்றதன் ஒளியை அணைக்கிறது. ஒளி மங்கினால் பாதரசம் இருக்கிறது என்று பொருள்.

1994-இல் பிரேக்கரும் ஜாய்சும், உலோக அயனி கிடைத்தால் மட்டும் வெட்டும் வேலை செய்யும் டி.என்.ஏ. நொதியை உருவாக்கினார்கள். அந்த வழியில் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜூவென் லியூ குழுவினர் 2015-இல் செய்த வேலை வேதியியல் மாணவர்களுக்கு விருந்து. வெட்டப்படும் இடத்திலுள்ள பாஸ்பேட்டில் ஓர் ஆக்சிஜனைக் கந்தகமாக்கினார்கள். உடனே அந்த நொதி காட்மியம் போன்ற உலோகங்களை நாடியது. ஏன்? மென்மையான காரம் மென்மையான அமிலத்தை விரும்பும் என்று 1963-இல் பியர்சன் சொன்ன விதியை நாம் கனிம வேதியியலில் மனப்பாடம் செய்கிறோமே, அதுதான் காரணம். தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்த விதி, அங்கே நஞ்சைக் காட்டும் கருவியாகிவிட்டது. 2016-இல் அதே குழுவினர் மூன்று இணைதிறக் குரோமியத்துக்கென ஒரு டி.என்.ஏ. நொதியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு இணைதிறக் குரோமியத்தை முதலில் ஒடுக்கிவிட்டால், அதையும் இதனால் அளக்கலாம்.

நம் நண்பர் புட்டியோடு வந்து கேட்ட கேள்விக்குரிய சாவியின் முதல் வடிவம் கனடாவில் கிடைத்திருக்கிறது. ஆனால் அது நம் கிணற்று நீருக்கென்று ராவப்பட்ட சாவியன்று.

மறுப்புக்கு விடை

இதெல்லாம் அரசு கலைக் கல்லூரி மாணவருக்கு எட்டுமா என்று சிலர் கேட்பார்கள். எட்டாதவை எவை, எட்டுபவை எவை என்று பிரித்துப் பார்ப்பது நல்லது.

புதிய டி.என்.ஏ. நொதியைக் கோடி கோடி வரிசைகளிலிருந்து தேர்ந்தெடுப்பது நம்மால் இன்று ஆகாது. ஆனால் வெளியிடப்பட்ட வரிசையை எழுதி அனுப்பினால், ஒளிரும் சாயமும் கட்டிய துண்டு உலர்ந்த பொடியாக அஞ்சலில் வந்து சேரும் காலம் இது. வேண்டிய அணுத் திருத்தத்தையும் கேட்டுப் பெறலாம். ஆகவே சாவி செய்வதைவிடச் சாவியைச் சோதிப்பதே நம் முதல் வேலை.

அந்தச் சோதனையை நம்மைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் யார்? வடித்த நீரில் நன்றாக வேலை செய்யும் கருவி, கால்சியமும் மக்னீசியமும் குளோரைடும் நிறைந்த நம் சமவெளிக் கிணற்று நீரில் தடுமாறக்கூடும். தவறான விடை தரும் சாவி, சாவி இல்லாததைவிடத் தீங்கானது. மாசற்ற கிணற்றை நஞ்சென்று சொன்னால் ஒரு குடும்பத்தின் நிலம் விலைபோகாது. நஞ்சைப் பார்த்து நலமென்று சொன்னால் குழந்தைகள் குடிப்பார்கள். கோடையிலும் மழைக்குப் பின்னும் ஐம்பது கிணறுகளின் நீரை எடுத்து, ஒரு பாதியை இம்முறையிலும் மறு பாதியைப் பல்கலைக்கழகக் கருவியிலும் அளந்து ஒப்பிட்டால், அது உலகம் மதிக்கும் ஆய்வாகும். மாதிரி எடுக்க வேண்டிய கிணறுகள் நம் மாணவர்களின் வீடுகளில்தான் இருக்கின்றன. கருவி உதவிக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் காந்திகிராமமும் எட்டும் தொலைவில் உள்ளன.

பணம் எங்கே என்பது அடுத்த மறுப்பு. செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முதல் தேவை பணமன்று, பழக்கம். நியூக்ளிக் அமிலம் என்றால் அது விலங்கியல் துறைப் பாடம் என்று வேதியியல் மாணவர் ஒதுங்குவதும், அணுத் திருத்தம் என்றால் அது வேதியியல் துறைப் பாடம் என்று விலங்கியல் மாணவர் ஒதுங்குவதும் நம் கல்லூரியில் நாள்தோறும் காணும் காட்சி. இரு துறை மாணவர்களும் மாதம் ஒருமுறை ஒரே அறையில் அமர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்துப் பேசலாம். இறுதியாண்டுச் செயல்திட்டங்களில் ஒன்றிரண்டையாவது நம் மாவட்டத்து நீருக்கும் மண்ணுக்கும் ஒதுக்கலாம். இவற்றுக்கு அரசாணை எதுவும் தேவையில்லை என்று பணிவோடு ஆசிரியப் பெருமக்களிடம் கூற விரும்புகிறேன்.

மூன்றாவது மறுப்பு நேர்மையானது. நீர் கெட்டிருக்கிறது என்று அறிந்து என்ன பயன், யார் திருத்தப் போகிறார்கள்? அளவு கையில் இல்லாதவன் சொல்லை அலுவலகம் கேட்பதில்லை. 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் நீரை அளந்து பார்த்த அறிக்கைகளின் மேல்தான் எழுந்தது. விவசாயி தம் கிணற்றடியில் தாமே காணும் ஓர் எண், அவர் கையில் ஒரு மனு போன்றது.

நம் ஊர் ஆசாரிகள் சந்தை கேட்கும் வரை காத்திருந்து பூட்டுச் செய்தவர்கள் அல்லர். எதிரே ஒரு கதவு இருந்தது, அதற்குக் காவல் வேண்டியிருந்தது, செய்தார்கள். கதவின் அளவைக் கண்ணால் பார்த்துச் செய்த பூட்டு அது. அந்த வழக்கத்தை ஆய்வுக்கூடத்துக்குள்ளும் கொண்டுவர வேண்டும்.

நண்பர் கொண்டுவந்த அந்தப் புட்டி, பெயரும் நாளும் எழுதிய தாள் ஒட்டப்பட்டு, எங்கள் ஆய்வுக்கூட அலமாரியில் இன்னும் இருக்கிறது. அடுத்த ஆண்டு இந்தத் துறைக்கு வரும் தம்பி தங்கையர் யாராவது அதற்கு விடை சொன்னால், அதைவிட நல்ல செய்தி இந்த மலரில் வேறொன்று வராது.